கனடாவில் இருந்து வந்த கேம் பெட்டியைச் செருக முன்

"தம்பி, இதை ஒருக்காப் பாருங்கோ. செருகின உடன ஒரு சத்தம், பிறகு ஒரே மணம்."

கொக்குவிலில் இருந்து வந்த அக்கா மேசையில் வைத்த பைக்குள் சாம்பல் நிறக் கேம் கொன்சோல் ஒன்று, பிடித்து விளையாடும் கைப்பிடி இரண்டு, மூன்று கேம் கசெட். ஸ்காபரோவில் இருக்கும் அவரின் தம்பி, தான் சின்ன வயதில் விளையாடியதை மருமகனுக்கென்று ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அடப்டரைக் கையில் எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் உருகித் தொய்ந்திருந்தது. ஆனால் முதுகில் அச்சடித்திருந்தது இன்னும் படிக்கக்கூடியதாகவே இருந்தது: 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்கள் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்.

யாழ்ப்பாணத்தில் கேம் கொன்சோல் திருத்தத் தொடங்கிப் பதினைந்து வருஷத்துக்கு மேல். இந்த ஒரு பிழை மட்டும் குறைந்தபாடில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து போனால், அடுத்த கிழமை கருகிய அடப்டர் ஒன்றாவது என் மேசைக்கு வரும்.

பழைய அடப்டருக்குள் இருப்பது இரும்பும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும்தான். 120 வோல்ட்டுக்கென்று சுற்றிய சுருளுக்கு 230 கொடுத்தால் அந்த இரும்பால் தாங்க முடியாது. சுருளுக்குள் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயும், சூடேறும், கம்பியின் மேற்பூச்சு உருகிச் சுருள் கருகும். அதற்குள் மறுமுனையிலும் ஏறக்குறைய இரட்டிப்பு வோல்ட் போய்விடும். புதிய அடப்டர்கள் வேறு விதம். 'இன்புட்' என்ற இடத்தில் 100–240 என்று இருந்தால் கனடாவில் வாங்கியதானாலும் பயமில்லை, பிளக்கை மாற்றும் துண்டு மட்டும் போதும். 120 என்று ஒற்றை எண் இருந்தால் தயவு செய்து சுவரில் செருகாதீர்கள். பிளக்கை மாற்றும் துண்டு வோல்ட்டை மாற்றாது. வருகிறவர்களில் பாதிப் பேர் அதை நம்பித்தான் செருகியிருக்கிறார்கள். மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கொன்சோலுடன் வரும் செங்கல் போன்ற அடப்டரும் வட அமெரிக்காவில் வாங்கியது என்றால் இங்கே சரிவராது. அது 2005இல் வந்த பெட்டி. 'புதுசுதானே' என்று நினைத்து ஏமாறுவார்கள்.

இந்தப் பிரச்சினை எங்கள் ஊரில் ஏன் இவ்வளவு? கொன்சோல்களின் வரலாறு எங்களுக்கு வரிசையாக வரவில்லை.

1972இல் மக்னவொக்ஸ் ஒடிசி வந்தது. ரீவியில் செருகி வீட்டில் விளையாடுவதற்கென்று விற்ற முதல் பெட்டி அது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ரால்ஃப் பேர் என்ற பொறியியலாளரின் யோசனை. அதில் சத்தமே கிடையாது, கணினிச் சிப்பும் கிடையாது. நிறம் வேண்டுமென்றால் ரீவித் திரையில் கலர் பிளாஸ்டிக் தாளை ஒட்ட வேண்டும். ஆறு பற்றரியில் ஓடியது. எந்த நாட்டுக்குக் கொண்டுபோனாலும் அடப்டர் கருகாத பெட்டி! 1976இல் ஃபெயர்சைல்ட் நிறுவனத்தின் சனல் எஃப், ஜெரி லோசன் என்ற கறுப்பினப் பொறியியலாளரின் தலைமையில் உருவானது. கேமைச் சிப்பில் பதித்து, மாற்றி மாற்றிச் செருகும் கசெட்டாக முதலில் கொண்டுவந்தது அதுதான். அடுத்த வருஷம் அட்டாரி 2600. 1983இல் அமெரிக்கச் சந்தை தரம் கெட்ட கேம்களால் நிரம்பி விழுந்தது. அதே வருஷம் ஜூலை 15இல் ஜப்பானில் நின்டென்டோவின் ஃபமிகொம் வெளியானது.

1990இல் யுத்தத்தோடு எங்களுக்குக் கரண்ட் போனது. உலகத்தில் சேகாவும் சுப்பர் நின்டென்டோவும் போட்டி போட்ட காலத்தில் இங்கே ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். 1994 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் வந்தது எங்களில் யாருக்குத் தெரியும்? 2002இல், எங்களைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தபோது எல்லாம் ஒன்றாக வந்து இறங்கியது. நான் முதன்முதல் தொட்டது ஃபமிகொமின் நகல் ஒன்று, கசெட்டில் '9999 கேம்' என்று எழுதியிருக்கும். அதே மாதம் பக்கத்து ஒழுங்கையில் பிளேஸ்டேஷன் 2 பார்த்தேன். இரண்டுக்கும் இடையில் உலகத்துக்குப் பதினேழு வருஷம். எனக்கு ஒரு மாதம்.

அதனால்தான் என் மேசையில் எல்லாத் தலைமுறையும் ஒரே நேரத்தில் கிடக்கிறது. கொழும்பில் வாங்கிய நகல், லண்டன் பெட்டி, ரொறன்ரோப் பெட்டி, ஜப்பானில் 100 வோல்ட்டுக்குச் செய்தது. ஒன்றின் அடப்டரை இன்னொன்றில் மாற்றிச் செருகுவது இந்தக் குவியலில் நடக்கும் அடுத்த பிழை. ஃபமிகொமுக்குத் தேவை 10 வோல்ட் நேர்மின்னோட்டம். அதன் அமெரிக்கப் பதிப்பான என்ஈஎஸ் பெட்டியின் அடப்டர் கொடுப்பதோ 9 வோல்ட் மாறுமின்னோட்டம். முனை இரண்டிலும் அழகாகப் பொருந்தும். ஆனால் மாறுமின்னோட்டத்தை ஃபமிகொமுக்குக் கொடுத்தால் பெட்டி செத்துவிடும். வோல்ட்டைப் பார்த்தது போதாது. எந்த வகை மின்னோட்டம், முனையின் நடுப்பக்கம் கூட்டலா கழித்தலா என்பதையும் லேபலில் உள்ள வட்டப் படத்தில் பாருங்கள்.

சரி, கசெட்டுக்கு ஊதுவது பற்றி. எல்லாரும் ஊதினோம், நானும் ஊதினேன். படம் வந்ததும் ஊதியதால் வந்தது என்று நம்பினோம். உண்மையில், கழற்றித் திரும்பச் செருகும்போது முனைகள் உரசிச் சரியான இடத்தில் உட்கார்ந்ததால்தான் வந்தது. மூச்சில் உள்ள ஈரம் செப்பு முனைகளை மெல்ல மெல்ல அரிக்கும். ஊத வேண்டாம் என்று நின்டென்டோவே சொல்லியிருக்கிறது. குருநகர், பருத்தித்துறைப் பக்கத்தில் இருந்து வரும் கசெட்டுகளை முனையைப் பார்த்தே அடையாளம் காணுவேன். உப்புக் காற்றோடு மூச்சும் சேர்ந்து பச்சை பிடித்திருக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

முதல் எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இதை இன்றைக்கே செய்யுங்கள். 2001இல் வந்த அந்தப் பெட்டியில் நேரத்தை நினைவில் வைக்க, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சின்னக் கப்பாசிட்டர் ஒன்று உண்டு. வருஷம் போகப் போக அது கசியும். கசிந்த திரவம் போர்டின் செப்புக் கோடுகளைத் தின்னும். பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஒருநாள் எழும்பாது. கடைசியாக வந்த 1.6 பதிப்பைத் தவிர மற்றவற்றில் அதைக் கழற்றிவிட்டால் நேரம் மட்டும்தான் மறக்கும். ஐந்து நிமிஷ வேலை. அலுமாரிக்குள் பத்து வருஷமாகப் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி வந்தவர்களுக்கு, தின்று முடிந்த போர்டைக் காட்டும்போது எனக்கும் மனம் சரியில்லாமல் போகும்.

எக்ஸ்பாக்ஸ் 360 பழுதானால் முன்பக்கத்தில் எரியும் சிவப்பு வளையம் உலகறிந்தது. சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சிப்பின் இணைப்புகள் விரிசல் விட்டன. 2007 ஜூலையில் மைக்ரோசொஃப்ட் உத்தரவாதத்தை மூன்று வருஷமாக நீட்டி, அதற்கென்று 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியது. அந்தக் காலத்தில் பரவிய துவாய் வைத்தியம் இன்னும் சாகவில்லை: பெட்டியைத் துவாயால் சுற்றி ஓட விடுவது. சூட்டில் இணைப்பு கொஞ்சம் இளகி, சில நாளைக்கு ஓடும். பிறகு முன்பைவிட மோசமாகும், தீப்பிடிக்கவும் கூடும். ஹீட் கன் வைத்து 'திருத்தித் தருகிறோம்' என்பதும் அதே வைத்தியம்தான், கூலி மட்டும் கூட.

பெட்டியை நீங்களே திறக்க விரும்பினால் தூசு தட்டும் அளவோடு நிறுத்துங்கள். உள்ளே பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கப்பாசிட்டரில், 230 வோல்ட் சுவரில் இருந்து வந்தது 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். பிளேஸ்டேஷன் 5இல் சிப்புக்கு மேல் பூசியிருப்பது திரவ உலோகம். பழக்கமில்லாமல் கழற்றினால் ஒரு துளி வழிந்து போர்டையே முடித்துவிடும்.

கைப்பிடிகளில் உள்ள லித்தியம் பற்றரிதான் எனக்கு உண்மையான பயம். கைப்பிடியின் மூட்டு விரிந்திருந்தால், பின் மூடி பிதுங்கியிருந்தால், உள்ளே பற்றரி ஊதிவிட்டது. சார்ஜில் போடாதீர்கள், அமத்தி மூடாதீர்கள், குத்திக் காற்றுப் போக்கவே போக்காதீர்கள். பின்னேரங்களில் வளவில் குப்பை கூட்டிக் கொளுத்துவது எங்கள் பழக்கம். அந்தக் குப்பைக்குள் பழைய கைப்பிடி போய்விடக் கூடாது. வெடிக்கும், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்பார்கள். என்னிடம் கொண்டு வந்தால் காசில்லாமல் வாங்கி, வேறாக எடுத்து வைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்குக் கொன்சோலின் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. கேபிள் ரீவி வயரின் வழியாக ரீவிக்குள் வருவது எச்டிஎம்ஐ வயரால் கொன்சோலுக்குள் இறங்கும். பெட்டி எழும்பும், விசிறி சுத்தும், படம் வராது. இப்படி வருபவை மழைக்காலத்தில்தான் அதிகம். எச்டிஎம்ஐ வயரையும் கழற்றுங்கள்.

கொக்குவில் அக்காவின் பெட்டிக்கு வருவோம். அடப்டர் முடிந்துவிட்டது. உள்ளே, வரும் மின்சாரத்தை 5 வோல்ட்டாக்கும் 7805 என்ற மூன்று கால் உறுப்பு அடியைத் தான் வாங்கிக்கொண்டு மற்றதையெல்லாம் காப்பாற்றியிருந்தது. அதை மாற்றி, 230 வோல்ட் அடப்டர் ஒன்று பொருத்தினேன். கனடாப் பெட்டி தருவது வட அமெரிக்க ரீவி முறையான என்ரிஎஸ்சியில் வரும் படம். இங்கத்தைய 'பால்' (PAL) முறைப் பழைய ரீவி சிலவற்றில் அது கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும்; அவர்களுடையது புது ரீவி, பிரச்சினை இல்லை.

ஒரு கசெட்டில் மட்டும் கவனம் தேவைப்பட்டது. விளையாடியதைச் சேமித்து வைக்கும் கசெட் அது. உள்ளே நாணயம் போன்ற பற்றரி ஈயம் வைத்துப் பொருத்தியிருக்கும். அளந்து பார்த்தேன், 2.7 வோல்ட். புதிதாக இருக்கும்போது 3. பற்றரியைக் கழற்றிய நொடியில் சேமித்ததெல்லாம் போய்விடும். அதனால் வெளியில் இருந்து 3 வோல்ட்டை வயரால் கொடுத்துக்கொண்டே பழையதைக் கழற்றி, சிஆர்2032 புதியது ஒன்றை வைத்தேன். கை நடுங்கக் கூடாத வேலை.

பெட்டியை எடுக்க வந்தபோது போட்டுக் காட்டினேன். சேமித்த இடங்கள் மூன்றில் முதலாவதில் ஒரு பெயர் ஆங்கில எழுத்தில், பிழையான எழுத்துக்கூட்டலோடு. அக்கா திரைக்குக் கிட்டப் போய் நின்றார்.

"இது அவன்ட வீட்டுப் பெயர். ஒன்பது வயசில சித்தப்பாவோட போனவன். அப்ப நாங்கள் இடம்பெயர்ந்து சாவகச்சேரியில இருந்தனாங்கள்."

பக்கத்தில் நின்ற மகன் கைப்பிடியை எடுத்தான். "மாமா வச்ச இடத்தில இருந்தே விளையாடலாமா?" என்று கேட்டான். இரண்டாவது இடத்தில் புதிதாகத் தொடங்கச் சொன்னார் அக்கா.