டவரில் ஏற முதல்: பேஸ் ஜம்பிங் கேட்கிற வன்னிப் பொடியளுக்கு

ஆடி லீவில் ஊருக்கு வந்தால் கிளிநொச்சிப் பொடியள் முன்பெல்லாம் "பிளேனிலையிருந்து குதிக்கப் பயமில்லையோ?" என்று கேட்பார்கள். இப்போது போனைத் தூக்கிக் காட்டுகிறார்கள். கொழும்புத் தாமரைக் கோபுரத்திலிருந்து வெளிநாட்டுக்காரர் பாய்கிற வீடியோ, இல்லாவிட்டால் சுவிசின் லவுட்டர்புறுன்னன் பள்ளத்தாக்கில் மலை விளிம்பிலிருந்து பாய்கிற வீடியோ. இப்படி விமானத்தில் ஏறாமல், கோபுரம், பாலம், மலை போன்ற அசையாத இடத்திலிருந்து பரசூட்டோடு பாய்வதைத்தான் பேஸ் ஜம்பிங் என்பார்கள். "அண்ணை, இதை எங்கடை கொக்காவில் டவரிலை செய்யேலாதோ?" ஒரு தம்பி இன்னும் ஒருபடி மேலே போனான். "உங்களிட்டைப் பழசா ஒரு பரசூட் கிடந்தாத் தாங்கோவன்."

நான் சுவிசில் ஸ்கைடைவிங் பயிற்றுநர். பரசூட் மடிப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழிலின் மறுபாதி. அந்தத் தம்பிக்கு வீட்டு முற்றத்தில் நின்று சொன்ன பதில் பாதிதான். மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் உயரக் கணக்கு. ஸ்கைடைவிங்கில் ஏறத்தாழ 4,000 மீற்றரில் விமானத்தை விட்டு வெளியேறுகிறோம். ஒரு நிமிடமளவில் விழுந்து, 1,000 மீற்றருக்கு மேலேயே பரசூட்டைத் திறக்கிறோம். அது சிக்கினால் கழற்றி எறிந்துவிட்டு முதுகில் இருக்கும் இரண்டாவதைத் திறக்கலாம். மயங்கிப்போய்க் கையே அசையாவிட்டாலும், நிலத்திலிருந்து 225 மீற்றரளவில் ஒரு தானியங்கிக் கருவி இரண்டாவது பரசூட்டைத் தானே திறந்துவிடும். கொக்காவில் ஒலி, ஒளிபரப்புக் கோபுரம் 174 மீற்றர். அந்தக் கருவி கண் விழிக்கிற உயரத்துக்கே எங்கள் டவர் எட்டாது. உச்சியிலிருந்து கல்லைப் போட்டால் ஆறு செக்கன் சொச்சத்தில் நிலத்தில் கிடக்கும். பேஸ் ஜம்பிங்கில் இரண்டாவது பரசூட் இல்லாததற்குக் காரணமும் இதுதான். இருந்தாலும் அதைத் திறக்க நேரம் இருக்காது.

நோர்வேயின் ஷேராக் மலை ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரம். பேஸ் ஜம்பிங்குக்குத் தாராளமான இடம். அங்கே 1995 தொடக்கம் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். அதாவது 2,317 குதிப்புக்கு ஓர் உயிர். உயிர் தப்பிய விபத்துகள் 254 குதிப்புக்கு ஒன்று. அமெரிக்காவில் ஸ்கைடைவிங்கில் இறப்பு லட்சம் குதிப்புக்கு ஒன்றுக்கும் குறைவு. இரண்டும் பரசூட் விளையாட்டுத்தானே என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1978இல் அமெரிக்காவின் எல் கபிட்டன் பாறையிலிருந்து பாய்ந்தவர்களைப் படம்பிடித்து இந்த விளையாட்டையே தொடக்கிவைத்தவர்களில் ஒருவரான கார்ல் போனிஷ், 1984இல் நோர்வேயின் ட்ரோல் சுவரில் இறந்துபோனார். அனுபவம் குறைந்த மனிதர் என்று அவரை ஒருவரும் சொல்ல முடியாது.

சரி, ஆசை போகவில்லை. அப்படியென்றால் பாதை ஸ்கைடைவிங் ஊடாகத்தான். மேற்கு வேர்ஜீனியாவில் ஒக்டோபர் மாதம் நடக்கும் பிரிட்ஜ் டே விழாவில், 267 மீற்றர் உயரப் பாலத்திலிருந்து பாய விரும்புகிறவர் குறைந்தது 100 ஸ்கைடைவ் காட்ட வேண்டும். பொறுப்பான பேஸ் ஆசிரியர்கள் 150, 200 என்று கேட்பார்கள். எனக்கு அந்த எண்ணிக்கையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இருநூறு தரம் பாய்ந்து, இருநூறு தரமும் ஆகாயத்தில் நண்பர்களோடு கைகோத்து விளையாடிவிட்டு, கடைசியில் பரசூட் கொண்டுபோய் விட்ட இடத்தில் இறங்கிய ஆட்களை எனக்குத் தெரியும். விழுவதற்குப் பயிற்சி தேவையில்லை, அதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். நான் பார்ப்பது திறந்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான்.

பரசூட்டின் துணிச் சிறகைக் கனோப்பி என்போம். அதை மெதுவாகப் பறக்க விடுவதுதான் கஷ்டமான பாடம். 1,000 மீற்றரில், பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, இரண்டு பிரேக் பிடிகளையும் ஒரே அளவாகக் கீழே இழுக்கச் சொல்வேன். காது மட்டத்தில் காற்றின் இரைச்சல் குறையும். நெஞ்சு மட்டத்தில் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். இடுப்பைத் தாண்டும்போது கனோப்பியின் இரண்டு ஓரமும் நடுங்கத் தொடங்கும், பிடிகள் கையில் தொய்யும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் சிறகு பின்பக்கமாகச் சரிந்து வயிறு தொண்டைக்கு வரும். அப்போது கையைச் சடாரென்று மேலே விடக்கூடாது, விட்டால் கனோப்பி முன்னுக்குப் பாயும். மெதுவாக, ஒரே சீராக உயர்த்த வேண்டும். அந்த நடுக்கம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது கனோப்பிக்குக் கனோப்பி, ஆளுக்கு ஆள் மாறும். கைக்கு அது மனப்பாடமாக வேண்டும். ஏனென்றால் பேஸ் ஜம்பிங்கில் சின்னத் துண்டு நிலத்தில் இறங்க, அந்த நடுக்கத்துக்குச் சற்று மேலே பிரேக்கைப் பிடித்தபடி செங்குத்தாக இறங்க வேண்டிவரும். அங்கே ஒரு சாண் கூட இழுத்தால் முள்ளந்தண்டு போய்விடும். முள்ளந்தண்டு வடம் அடிபட்ட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று வன்னியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இறங்கும் இடத்தைப் பற்றி எங்கள் பொடியள் கேட்பதே இல்லை. "வயல்தானே அண்ணை, எங்கையும் இறங்கலாம்" என்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் வயல் மெத்தை மாதிரித்தான் தெரியும். கிட்ட வரும்போதுதான் வரம்பு தெரியும், முள்ளுக்கம்பி வேலி தெரியும். மின்கம்பி கடைசிவரை தெரியாது. கம்பத்தைக் கண்டால் கம்பி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளச் சொல்வோம். பனைவட்டுக்குள் மாட்டிக்கொண்டால் கனோப்பி மடிந்து ஆள் அடிமரத்தோடு கீழே வருவார். முகமாலைப் பக்கம் கண்ணிவெடிச் சிவப்புப் பலகை நட்டிருக்கிற நிலத்தைப் பற்றி விளக்கம் வேண்டியதில்லை.

கண்ணிவெடி அகற்றும் வேலையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். காலையில் கருவியைச் சோதனைத் துண்டில் வைத்துப் பார்க்காமல் அவர்கள் ஒருநாளும் பாதைக்குள் இறங்குவதில்லை, புதிய ஆளைப் பயிற்சி நிலத்தில் தேறாமல் உள்ளே விடுவதும் இல்லை. ஸ்கைடைவிங் அந்தப் பயிற்சி நிலம். பறக்கும் திடலில் பத்து மீற்றர் வட்டம் ஒன்றைக் குறித்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதற்குள் திரும்பத் திரும்ப இறங்கிக் காட்டுகிறவரோடுதான் நான் பேஸ் பற்றிப் பேச்சே எடுப்பேன்.

இனி அந்தப் பழைய பரசூட் கதை. ஸ்கைடைவிங் கனோப்பி வேண்டுமென்றே மெதுவாகத் திறக்கும்படி செய்யப்பட்டது. மணிக்கு 190, 200 கிலோமீற்றர் வேகத்தில் விழுகிற உடம்பு ஒரேயடியாக நின்றால் கழுத்து தாங்காது. அதனால் ஸ்லைடர் என்ற சதுரத் துணி ஒன்று நான்கு மூலையிலும் வளையம் வைத்து, நூல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படிப்படியாகக் கீழே வரும். இப்படித் திறந்து முடிய 200 மீற்றரளவில் உயரம் செலவாகலாம், சிலவேளை அதற்கும் மேலே. 174 மீற்றர் கோபுரத்துக்கு இது சரிவராது என்று சொல்ல நிபுணர் தேவையா?

பேஸ் கனோப்பி வேறு சாதி. காற்று நிறையும் ஏழு அறைகள், அகலம் கூடிய அமைதியான வடிவம், அளவும் பெரிது. உடுப்பு, கருவி எல்லாம் சேர்த்து 80 கிலோ, அதாவது ஏறத்தாழ 176 இறாத்தல் எடையுள்ள ஒருவர் ஸ்கைடைவிங்கில் ஒரு சதுர அடிக்கு ஓர் இறாத்தல் என்று 170, 180 சதுர அடிக் கனோப்பியில் சந்தோஷமாகப் பறப்பார். பேஸ் ஜம்பிங்கில் அதே ஆளுக்குச் சதுர அடிக்கு 0.7 இறாத்தல் என்ற கணக்கில் 250 சதுர அடி கொடுப்போம். பெரிய சிறகு மெதுவாகப் போகும். மெதுவாகப் போனால் யோசிக்க அரைச் செக்கன் கிடைக்கும், பாறையில் மோதினாலும் அடி குறையும். கனோப்பியின் அடித்துணியிலும் காற்று புகும் வாய்கள் வைத்திருப்பார்கள். குறைந்த வேகத்திலும் அது சட்டென்று காற்றை உள்ளே இழுத்து விறைத்து நிற்கும். தாழ்வான இடத்தில் பாய்கிறவர்கள் ஸ்லைடரையே கழற்றிவிடுவார்கள். உயரமான இடத்தில் பல செக்கன் விழுந்து திறப்பவர்களுக்கு வலைத்துணி ஸ்லைடர். கனோப்பியை வெளியே இழுக்கிற சின்னப் பரசூட்டும் அப்படித்தான். ஒன்றிரண்டு செக்கனில் திறப்பதற்குப் பெரியது, நீண்ட நேரம் விழுந்தால் சின்னது. மாறிப்போனால் ஒன்று திறக்கப் பிந்தும், இல்லாவிட்டால் ஆளை முறித்துவிடும்.

சிறகு சின்னது என்றால் திறமை பெரிது என்று ஸ்கைடைவிங் திடல்களில் ஒரு வீண் பெருமை உண்டு. பேஸ் செய்ய நினைக்கிறவர் அந்தக் கூட்டத்தில் சேராமல், பெரிய ஏழறைக் கனோப்பியிலேயே நின்று பழகட்டும். கையில் பேஸ் கனோப்பி வந்த பிறகும் நேரே விளிம்புக்குப் போவதில்லை. அதை ஸ்கைடைவிங் பைக்குள் இரண்டாவது பரசூட்டோடு சேர்த்து மடித்து, விமானத்திலிருந்து பல தடவை பறந்து பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பேஸ் ஜம்பிங்கில் ஆட்களைத் தின்பது திறக்காத பரசூட் மட்டுமல்ல, பிழையான திசையில் திறந்த பரசூட்டும்தான். ஸ்கைடைவிங்கில் கனோப்பி எந்தப் பக்கம் பார்த்துத் திறந்தாலும் கவலையில்லை, சுற்றிவர வெறும் வானம். பாறையிலிருந்தோ டவரிலிருந்தோ பாய்ந்தவருக்கு அது திரும்பித் திறந்தால் முகத்துக்கு நேரே பாறை நிற்கும். அந்த நேரம் பிரேக் பிடியைத் தேடிக் கழற்ற அவகாசம் இல்லை. கை தானாகவே, கனோப்பி நூல்களைத் தோளோடு இணைக்கிற பின்பக்கப் பட்டிகளுக்குப் போய் ஒன்றை இழுத்துத் திருப்ப வேண்டும். அதனால்தான் என் மாணவர்களிடம் ஒவ்வொரு ஸ்கைடைவிலும் திறந்தவுடன் பிரேக்கைத் தொடாமல் பின்பட்டியால் ஒரு தரம் இடம், ஒரு தரம் வலம் திரும்பச் சொல்கிறேன். அலுப்பாக இருக்கிறது என்று முறைப்பாடு வரும். வரட்டும். கனோப்பி திரும்பித் திறப்பதற்கு மடிப்புக் கோணல், பாயும்போது ஒரு தோள் தாழ்ந்தது, பக்கக் காற்று என்று பல காரணம். முதல் இரண்டும் எங்கள் கையில். தன் பரசூட்டைத் தானே மடிக்கத் தெரியாதவருக்கு பேஸ் இல்லை.

பாய்கிற முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. விமானத்தை விட்டு வெளியே வந்தவுடன் எதிர்க்காற்று உடம்பைத் தாங்கும், அதில் கைகாலை அசைத்து நேராகலாம். அசையாத இடத்திலிருந்து பாய்ந்தால் முதல் இரண்டு மூன்று செக்கன் பிடித்துக்கொள்ளக் காற்றே இல்லை. விளிம்பில் கால் உந்திய விதம் எப்படியோ, உடம்பு அப்படியே போகும். வெப்பவாயுப் பலூனிலிருந்து ஸ்கைடைவ் செய்து இதைப் பழகுவார்கள்.

காற்றை எங்கள் முல்லைத்தீவுக் கடற்தொழிலாளரிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். சோழகம் வீசுகிற மாதங்களில் வன்னியில் பத்து மணிக்குப் பிறகு புழுதி எழும்பும். அந்தக் காற்று ஒரு கோபுரத்தையோ மரக்கூட்டத்தையோ தாண்டும்போது மறுபக்கத்தில் சுழன்றடிக்கும், அதற்குள் கனோப்பி மடங்கும். அறுவடை முடிந்து வெயிலில் காய்ந்த வயலில் எழும்புகிற சுழல்காற்றும் அப்படித்தான். திரும்பி இறங்கிவரத் தெரியாதவரை மேலே ஏற்றவே கூடாது என்பது என் கட்சி. படிகளில் இறங்கி வந்தவரைப் பார்த்துச் சிரிக்கிற நண்பர்களோடு போகவும் வேண்டாம்.

உண்மையாகவே விருப்பமுள்ளவர் செய்ய வேண்டியது இது. அனுமதி பெற்ற ஸ்கைடைவிங் பள்ளி ஒன்றில் சேருங்கள். அமெரிக்க முறையில் முதல் லைசென்ஸுக்கு 25 குதிப்பு. அதன் பிறகு கனோப்பி ஓட்டும் வகுப்பு, துல்லியமாக இறங்கும் பயிற்சி. வீடியோவில் காண்கிற விங்சூட் என்ற சிறகுச் சட்டையை 200 ஸ்கைடைவுக்கு முதல் விமானத்திலிருந்துகூடப் போட விடமாட்டார்கள். பேஸ் வகுப்புகள் கூடுதலாக நடப்பது அமெரிக்காவின் ஐடஹோவில், பெரைன் பாலத்தில். 148 மீற்றர் உயரம், கீழே ஆறு, வருடம் முழுக்கத் தனி அனுமதி எடுக்காமல் சட்டப்படி பாயலாம். கொக்காவிலில் ஒளித்து ஏறினால் பொலிஸ் மட்டுமல்ல, கதிர்வீச்சு அன்டெனாக்களும் காத்திருக்கும்.

சுவிசில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தனிக்குறிப்பு. வேலையிடம் ஊடாகக் கிடைக்கும் விபத்துக் காப்புறுதியான சூவா, பேஸ் ஜம்பிங்கை முழு அபாயச் செயல் என்று வகைப்படுத்தியிருக்கிறது. விபத்து நடந்தால் வைத்தியச் செலவைக் கொடுப்பார்கள். ஆனால் சம்பளத்துக்குப் பதிலாக வரும் நாட்காசும் ஓய்வூதியமும் பாதியாக வெட்டப்படும், மோசமான சந்தர்ப்பத்தில் முழுதாகவே மறுக்கலாம். உங்கள் சம்பளத்தை நம்பி ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, பத்திரத்தை எடுத்து அந்தப் பக்கத்தை ஒருக்கால் வாசியுங்கள்.