ஊர் ஒன்று, ஜில்லா மூன்று

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் தங்கள் பூர்வீக ஊரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தது. 1890-களில் கொள்ளுத்தாத்தா நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி) கப்பல் ஏறியபோது பதிந்த பட்டியலின் நகல் அவர்களிடம் இருந்தது. தகப்பன் பெயர், வயது, கிராமத்தின் பெயர், அப்புறம் "தாலுகா திருத்தணி, ஜில்லா வட ஆற்காடு".

வட ஆற்காடு என்றால் இன்றைய வேலூர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு முறை விமானம் ஏறி வந்து வேலூர், ராணிப்பேட்டைப் பக்கமெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். இதற்கிடையில் திருத்தணிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று "நாங்கள் உங்கள் பங்காளிகள்" என்று சொல்லி இரண்டு பத்திரங்களை அனுப்பியிருந்தது. 1927-ஆம் வருடக் கிரயப் பத்திரத்தில் சித்தூர் ஜில்லா. 1962-இல் எழுதிய பாகப்பிரிவினையில் செங்கல்பட்டு மாவட்டம். ஜில்லாவே ஒத்துப்போகவில்லையே என்று டர்பன்காரர்கள் அவர்களை நம்பவில்லை.

மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கிராமத்தின் பெயர் மூன்றிலும் ஒன்றுதான். கப்பல் பட்டியலில் இருந்த தகப்பன் பெயர் 1927 பத்திரத்திலும் இருந்தது. பத்திரங்கள் இரண்டிலும் சக்குபந்தியில், அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில், வடக்கே அதே ஏரிக்கரை.

அந்த ஊர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. 1911-இல் சித்தூர் ஜில்லாவை உருவாக்கியபோது திருத்தணி வட ஆற்காட்டிலிருந்து அதற்குப் போனது. 1953-இல் சித்தூரோடு சேர்ந்து ஆந்திராவுக்கும் போனது. எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரலில் சென்னை மாநிலத்துக்குத் திரும்பி, செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். நூறு வருடத்துக்குள் ஒரே வீட்டுக்கு நான்கு ஜில்லா!

பெயர் மாறினால்கூட எப்படியாவது பிடித்துவிடலாம். பெயர் அப்படியே இருந்து, பரப்பு மட்டும் மாறியிருந்தால்தான் பெரிய சிக்கல். செங்கல்பட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920-இல் செங்கல்பட்டு ஜில்லா என்றால் பொன்னேரி, திருவள்ளூர், காஞ்சிபுரம் எல்லாம் அதற்குள் அடக்கம். 1997-இல் அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தபோது பெயரே போய்விட்டது. 2019-இல் அதே பெயரில் வந்திருப்பது அதைவிட எவ்வளவோ சிறிய மாவட்டம். பழைய பதிவைப் படித்துவிட்டு இன்றைய வரைபடத்தில் தேடினால் பொன்னேரிக்காரர் கிடைக்கவே மாட்டார்.

நாகர்கோவில் குடும்பங்களுக்கு 1956 நவம்பர் 1-க்கு முந்தியது திருவிதாங்கூர் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி). புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். அவ்வளவு பழசு வேண்டாம், 1990 வாக்கில் வாங்கிய சான்றிதழில் "காமராஜர் மாவட்டம்" என்று இருந்தால் அது இன்றைய விருதுநகர். பழைய ஆங்கில ஆவணங்களில் திருவாரூரைத் "திருவாலூர்" என்று எழுதியிருப்பார்கள், அதைத் திருவள்ளூர் என்று படித்து ஏமாறுபவர்கள் உண்டு. பக்கத்தில் தஞ்சாவூர் ஜில்லா என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும், தெளிந்துவிடும்.

வம்சாவளி மென்பொருள்களிலும் கவனம் வேண்டும். 1870-இல் பிறந்தவருக்குப் "பிறந்த இடம்: தமிழ்நாடு" என்று அவற்றில் சில தாமாகவே நிரப்பிவிடும். தமிழ்நாடு என்ற பெயரை மாநிலத்துக்கு வைத்தது 1969-இல். பதிவில் இருந்த ஜில்லாவை அழித்துவிட்டு இப்படி எழுதினால், அடுத்துத் தேடுகிறவர் ஆவணக் காப்பகத்தில் எந்த ஜில்லாவின் கட்டைக் கேட்பார்? தயவுசெய்து தாளில் உள்ளதை எழுத்துப் பிழையோடு அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் வருடம் போடுங்கள். இன்றைய பெயரைத் தனியாக, இது நாம் சேர்த்தது என்று தெரியும்படி குறியுங்கள்.

வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். பலர் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எந்த சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில், எந்தத் தேதியில் பதிந்தது என்ற முத்திரை பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும்.