30 டிகிரியில் காற்று ஏன் இறங்குகிறது?

"நிலநடுக்கோட்டில் சூடாகி மேலே ஏறும் காற்று துருவம்வரை போக வேண்டியதுதானே? பாதி வழிகூடப் போகாமல் 30 டிகிரியிலேயே ஏன் இறங்கிவிடுகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. "குளிர்ந்து கனமாகி இறங்குகிறது" என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். குளிர்வது மட்டுமே காரணம் என்றால் 20-லும் இறங்கலாம், 50-லும் இறங்கலாம்.

தெரிந்ததை வேகமாகக் கடப்போம். நிலநடுக்கோட்டையொட்டித் தாழ்வழுத்தம், 30 டிகிரியில் உயர் அழுத்தம், 60-ல் மறுபடி தாழ்வு, துருவத்தில் உயர்வு. காற்று உயர்விலிருந்து தாழ்வுக்கு ஓடும். பூமி சுழல்வதால் வடகோளத்தில் வலப்பக்கமும் தென்கோளத்தில் இடப்பக்கமும் விலகும். 30-லிருந்து நிலநடுக்கோட்டுக்கு வருவது வியாபாரக் காற்று, 60-ஐ நோக்கிப் போவது மேலைக்காற்று. 

விஷயம் இருப்பது மேலே, 12 கி.மீ. உயரத்தில். நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. அங்கிருந்து ஏறும் காற்றுக்கும் ஏறக்குறைய அதே வேகம். அது வடக்கே நகர நகரப் பூமியின் அச்சை நெருங்குகிறது. முதலில் 6,378 கி.மீ. இருந்த தூரம் 30 டிகிரியில் 5,523 ஆகிவிடும். கோண உந்தம் (சுழலும் பொருளின் வேகத்தையும் அச்சிலிருந்து அதற்குள்ள தூரத்தையும் சேர்த்துப் பெருக்கிய அளவு) மாறாது என்பதால் தூரம் குறைந்தால் வேகம் கூடியே ஆக வேண்டும். 1,670-ஐ 6,378-ஆல் பெருக்கி 5,523-ஆல் வகுத்தால் 1,928. அங்கே தரையின் வேகமோ 1,446. மிச்சம் 482 கி.மீ., அத்தனையும் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. இதே கணக்கில் 60 டிகிரிவரை போனால் 2,505 கி.மீ., ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் மேல்!

1735-ல் வியாபாரக் காற்றை விளக்கிய லண்டன் வழக்கறிஞர் ஜார்ஜ் ஹாட்லி சறுக்கியது இங்கேதான். காற்றின் வேகம் மாறாது என்று வைத்துக்கொண்டார். அப்படிப் பார்த்தால் 1,670-க்கும் 1,446-க்கும் உள்ள வித்தியாசமான 224 மட்டுமே வரும். அவர் பிழையை மன்னிக்கலாம். இன்றும் அதையே சொல்லித் தரும் பாடநூல்களை மன்னிக்க முடியவில்லை.

உண்மையில் காற்று 482-ஐ எட்டுவதில்லை. மேலே காற்று வேகமெடுக்கிறது, கீழே தரை உராய்ந்து இழுக்கிறது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் ஓட்டம் நிலைகுலைந்து, ஆயிரக்கணக்கான கி.மீ. நீள அலைகளாக வளைந்து உடைகிறது. துருவத்துக்கு வெப்பத்தைக் கொண்டுபோகும் வேலையை அதன்பிறகு இந்த அலைகளும் அவற்றில் பிறக்கும் புயல்களும் எடுத்துக்கொள்கின்றன. மேலே ஏறி வந்த காற்றின் நேர்ப்பயணம் அங்கே, 30 டிகிரியையொட்டி முடிகிறது; அது இறங்கத் தொடங்குகிறது. அந்த எல்லையில் ஓடுவதுதான் ஜெட் காற்றோட்டம்.

இறங்குவதும் கல் விழுவதுபோல் அல்ல, நாளொன்றுக்குச் சில நூறு மீட்டர்தான். இறங்கும்போது அமுக்கப்பட்டு ஒவ்வொரு கி.மீ.க்கும் 9.8 டிகிரி சூடேறும். மேகம் உருவாக வழியே இல்லை. சகாரா, கலஹாரி, ஆஸ்திரேலியப் பாலைவனம் எல்லாம் இந்த அட்சங்களை ஒட்டியே கிடப்பது அதனால்தான்.

கோளின் சுழற்சி மெதுவானால் இந்த எல்லை தள்ளிப்போக வேண்டும் அல்லவா? ஒருமுறை சுழல 243 நாள் எடுக்கும் வெள்ளிக் கோளில் காற்று ஏறி இறங்கும் இந்தச் சுற்று சுமார் 60 டிகிரிவரை நீள்கிறது.

காற்றுக்குக் கிடைத்த அந்த உந்தம் பூமி கொடுத்த கடன். வியாபாரக் காற்று தரையை உராய்ந்து வாங்குகிறது, மேலைக்காற்று தரையை உராய்ந்து திருப்பித் தருகிறது. வரவும் செலவும் எல்லா மாதமும் சமமாக இருக்காது. மேலைக்காற்று பலத்திருக்கும் மாதங்களில் பூமி கொஞ்சம் மெதுவாகச் சுழலும். பருவத்துக்குப் பருவம் நாளின் நீளம் மில்லி விநாடி அளவில் கூடிக் குறைவதை அணுக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு அளந்திருக்கிறார்கள்.