கடைசித் தவணைக்கு அடுத்த மாதம்

கடன் கட்டிக்கொண்டிருக்கும்போது யாரும் சேமிப்பைப் பற்றிக் கேட்டு என்னிடம் வருவதில்லை. ஐந்தாம் தேதி பணம் தானாகப் போய்விடும், மிச்சத்தில் குடும்பம் ஓடும். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. சிக்கலே கடன் தீர்ந்த பிறகுதான். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்திலிருந்து வருமான வரிக் கணக்குக்காக வருகிறவர்களின் பாஸ்புக்கைப் புரட்டும்போது இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மாதம் 9,000 ரூபாய் போய்க்கொண்டிருந்த தவணை நின்றிருக்கும். நாலைந்து மாதம் தள்ளிப் பார்த்தால் ஒரு பைக், ஒரு பெரிய டிவி என்று அதே அளவுக்கு வேறு தவணைகள் ஏறியிருக்கும். ஏறாத வீட்டிலும் அந்த 9,000 எங்கே போகிறது என்று கேட்டால் கணவன் மனைவியைப் பார்ப்பார், மனைவி கணவனைப் பார்ப்பார்.

அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று: தவணையை நிறுத்தாதீர்கள். அதே தேதி, அதே தொகை. வாங்கிக்கொள்ளும் ஆள் மட்டும் இனி நீங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் காகித வேலை இருக்கிறது. பணம் கட்டிவிட்டால் கடன் முடிந்தது என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். வீட்டுக்கடன் என்றால் அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத்துத் தாமதமாக இருந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்தாலும் போதாது. கடன் வாங்கியபோது பத்திரத்தை ஒப்படைத்ததாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பதிவு போட்டிருப்பார்கள். கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கேயே பதிவு செய்துவிட்டு, வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு வீட்டை எழுதிவைக்கப் போகும் நாளில்தான் பழைய அடமானம் அப்படியே நிற்பது பலருக்குத் தெரிய வருகிறது.

வெளியில் வாங்கிய கடனுக்கு இதைவிடக் கவனம் வேண்டும். புரோநோட்டைத் திரும்ப வாங்குங்கள். கொடுத்திருந்த காசோலைகளையும் எண்ணி வாங்குங்கள். "பீரோவுல எங்கயோ இருக்கு, தேடித் தர்றேன்" என்றால், முழுப் பணமும் பற்றிக்கொண்டு கணக்குப் பைசலாகிவிட்டது என்று அன்றே எழுதி வாங்கிவிடுங்கள். ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் புரோநோட்டை நிரப்பிக்கொள்ள, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆம் பிரிவே வைத்திருப்பவருக்கு இடம் கொடுக்கிறது. சொந்தக்காரர்தானே என்று விட்டுவிடுகிறோம். அவர் நல்லவராகவே இருக்கலாம், அவருக்குப் பிறகு பீரோவைத் திறக்கும் பிள்ளைகளுக்கு நீங்கள் கட்டியது தெரியாது.

ஓரிரு மாதம் கழித்து, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். கணக்கு 'க்ளோஸ்டு' என்று இருக்க வேண்டும். 'செட்டில்டு' என்று இருந்தால், வங்கி ஒரு தொகையைத் தள்ளுபடி செய்து முடித்துக்கொண்டதாகப் பொருள். அடுத்த கடனுக்கு அது இடிக்கும்.

இனி அந்த 9,000க்கு வருவோம். முழுவதையும் சேமியுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் வயிற்றைக் கட்டியவர்கள் கொஞ்சம் மூச்சு விடட்டும். 2,000 ரூபாயை வீட்டுக்கு விட்டுவிடுங்கள். 5,000 ரூபாயைத் தபால் அலுவலகத் தொடர் வைப்பில் போடலாம். 6.7 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டில் நீங்கள் கட்டிய மூன்று லட்சம் ஏறத்தாழ 3,56,800 ஆகியிருக்கும். மிச்சம் 2,000 ஆண்டுச் செலவுகளுக்கு. "எதிர்பாராத செலவு வந்துடுச்சு சார்" என்று சொல்பவர்களிடம் பட்டியல் போடச் சொன்னால், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், குலதெய்வப் படைப்பு, மழைக்கு முன்னால் பூர்வீக வீட்டு ஓடு மாற்றப் பங்காளிகளோடு சேர்ந்து போட வேண்டிய பங்கு என்று எழுதுகிறார்கள். இதில் எது எதிர்பாராதது? எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் தனியே வைத்தால், நகை அடகுக் கடைக்குப் போகாது.

சம்பளக்காரர்களுக்கு இது சுலபம். மாதத்துக்கு மாதம் வருமானம் மாறுகிறவர்கள் பாடுதான் கஷ்டம். கோட்டையூர்ப் பக்கம் வீட்டிலேயே பலகாரம் போட்டுக்கொடுக்கும் ஒரு ஆச்சியின் கணக்கைப் பார்க்கிறேன். கல்யாணம், சாந்தி, புதுமனை என்று ஆர்டர் வரும். தையிலும் ஆவணியிலும் மூச்சுவிட நேரம் இருக்காது, ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பு சும்மா கிடக்கும். மாவு அரைக்கும் இயந்திரத்துக்கு வாங்கிய கடனையும், அடகில் இருந்த சங்கிலியையும் ஒரே ஆண்டில் முடித்துவிட்டார். அவரை மாதம் இவ்வளவு சேமியுங்கள் என்று சொல்ல முடியாது. ஆர்டருக்கு இவ்வளவு என்றுதான் சொல்ல முடியும்.

இது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. நகரத்தார் வியாபாரக் கணக்கில் மகமை என்று கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒரு பங்கு உண்டு. செலவு போக மிஞ்சினால் கொடுப்போம் என்று அதை விட்டுவைப்பதில்லை, வியாபாரத்தில் இத்தனைக்கு இத்தனை என்று முதலிலேயே எழுதிவிடுவார்கள். ஆச்சியிடம் பத்தில் ஒரு பங்கை, முன்பணம் கைக்கு வந்ததும் தனிக் கணக்கில் போடச் சொன்னேன். "முன்பணம் எண்ணெய் வாங்கவே பத்தலையே தம்பி" என்றார். மிச்சப் பணம் வாங்கும் நாளில் போடுவதாக அவரே மாற்றிக்கொண்டார். ஆர்டர் நோட்டில் இப்போது தேன்குழல் இத்தனை, மாவுருண்டை இத்தனை, சீப்புச் சீடை இத்தனை என்று எழுதிய பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரு தொகை இருக்கும். 12,000 ரூபாய் ஆர்டருக்கு 1,200. மார்கழியில் அதிலிருந்துதான் வீட்டுச் செலவுக்கு எடுக்கிறார், வட்டிக்கு வாங்குவதில்லை.

நகை பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். தங்கம் வாங்க வேண்டாம் என்று செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. செய்கூலி, சேதாரம், 3 விழுக்காடு ஜி.எஸ்.டி. எல்லாம் கொடுத்து வாங்கும் நகையை ஆசைக்கு வாங்குங்கள், குறையில்லை. "அவசரத்துக்கு அடகு வைக்கலாமே" என்று வாங்குவதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த கடனுக்கு இன்றே இடம் போட்டு வைப்பது அது. அவசரத்துக்கு மூன்று மாதச் செலவு சேமிப்புக் கணக்கில் ரொக்கமாக இருக்கட்டும்.

காப்பீடு இல்லாதவர்கள் வங்கியிலேயே எடுத்துக்கொள்ளலாம். பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்துக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். இரண்டிலும் 2 லட்சம் வரை கிடைக்கும்.

இன்னொரு ஆசை, கையில் பணம் மிஞ்சியதும் வட்டிக்கு விடுவது. இந்த மண்ணில் ஊறிய தொழில். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி திறக்கப்பட்டபோது சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள் என்றால் காரணம் இல்லாமலா? ஆனால் அந்தக் காலத்து வட்டிக்கடைக்குப் பேரேடும், ஈடும், ஊரறிந்த ஆளைப் பார்த்துக் கொடுக்கும் மேலாளும் இருந்தார்கள். நம்மிடம் இருப்பது ஒரு செல்போன் நம்பர். நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு. அவ்வளவு கொடுத்து வாங்குகிறவருக்கு வங்கி ஏன் கொடுக்கவில்லை என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். தொழிலாகவே செய்வதானால் அதற்கு உரிமமும் வேண்டும். சீட்டுப் போடுவதானால் பதிவு பெற்ற சீட்டில் மட்டும் போடுங்கள்.

கடன் தீர்ந்த செய்தி ஊரில் பரவியதும் இரண்டு பேர் தேடி வருவார்கள். முதல் ஆள் வங்கியிலிருந்து போன் பேசுவார்: "நல்லா கட்டியிருக்கீங்க சார், டாப்-அப் தர்றோம்." அவருக்கு வேண்டாம் என்று சொல்வது லேசு. இரண்டாவது ஆள் மச்சினன், ஜாமீன் கையெழுத்துக்கு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. வங்கி நேராக உங்கள் வாசலுக்கே வரலாம். மறுக்க முடியாத உறவாக இருந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். கையெழுத்து வேண்டாம்.