வான்கோழிக் கிண்ணமும் குச்சியும்: பெட்டையின் குரலுக்கு எந்த மரம்?

வசந்தம் வந்துவிட்டால் அமெரிக்கக் காடுகளில் ஆண் வான்கோழி விடிவதற்கு முன்பே மரக்கிளையில் இருந்தபடி கத்த ஆரம்பித்துவிடும். சத்தம் கேட்டுப் பெட்டைகள்தான் அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரர் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கப் பார்க்கிறார். மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து பெட்டை மாதிரி குரல் எழுப்பி, ஆணைத் தன் பக்கம் வரவழைக்க வேண்டும்.

அதற்கான கருவிகளில் ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டக் கிண்ணம். மேலே சிலேட்டுக் கல், கொஞ்சம் இடைவெளி விட்டு அதற்குக் கீழே ஒலிப்பலகை, அடியில் ஒலி வெளியேறத் துளைகள். பேனா பிடிப்பதுபோல ஒரு மரக்குச்சியைப் பிடித்து, நுனியைக் கல்லை விட்டு எடுக்காமல் சின்னச் சின்ன வட்டமாக இழுத்தால் பெட்டை கூப்பிடுவதுபோலவே கேட்கும். கிண்ணத்தை ஆராய்ந்து வாங்குகிறவர்கள் பலர் குச்சியை இலவச இணைப்பாக நினைத்துவிடுகிறார்கள். ஆனால் ஒரே கிண்ணத்தில் குச்சியை மட்டும் மாற்றிப் பாருங்கள், வேறொரு பறவை கத்தும்.

பள்ளிக்கூடத்தில் சிலேட்டுப் பலகையில் பலப்பம் 'கிரீச்'சென்று கத்திப் பல்லைக் கூச வைத்தது நினைவிருக்கிறதா? இங்கே நடப்பதும் அதேதான். நுனி கல்லைப் பற்றிக்கொள்கிறது. கை தொடர்ந்து இழுக்க, குச்சி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. வளைவின் விசை உராய்வை மிஞ்சியதும் நுனி வழுக்கி ஓடி, மறுபடி பற்றுகிறது. பொருள் நகராமல் இருக்கும்போது உராய்வு அதிகம், வழுக்கத் தொடங்கியதும் குறைவு. இந்த வித்தியாசம் இல்லையென்றால் சத்தமே வராது. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படிப் பற்றலும் வழுக்கலும் நடக்கின்றன. அந்த அதிர்வைக் கல்லும் கிண்ணமும் வாங்கிப் பெரிதாக்குகின்றன.

சரி, மரத்துக்கு வருவோம். வேட்டைக்காரர்களிடம் ஒரு சூத்திரம் உண்டு: கெட்டி மரம் கூர்மையான குரல் தரும், மென்மரம் கரகரப்பு தரும். இதற்கு ஆதாரமாக ஜான்கா எண்ணைக் காட்டுவார்கள். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டையைப் பாதி அளவுக்கு மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பதே அந்த எண். செர்ரி மரத்துக்கு ஏறக்குறைய 950 பவுண்டு, கெட்டி மேப்பிளுக்கு 1450, ஹிக்கரிக்கு 1800-ஐ ஒட்டி.

சூத்திரம் ஓரளவு பலிக்கிறது, காரணம்தான் வேறு என்று நினைக்கிறேன். அந்த உருண்டையைப் பொதுவாகப் பலகையின் பக்கவாட்டில்தான் அழுத்துகிறார்கள். குச்சியோ நாரின் வெட்டுமுனையால் கல்லைத் தொடுகிறது. அப்புறம், கெட்டி மரம் பெரும்பாலும் கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும். ஒரு கன மீட்டர் செர்ரி சுமார் 560 கிலோ, ஹிக்கரி 800, பர்பிள்ஹார்ட் 900. (பர்பிள்ஹார்ட் அறுத்த கையோடு பழுப்பாகத்தான் இருக்கும், காற்றும் வெளிச்சமும் பட்டுத்தான் ஊதா ஏறும்.) கனத்த குச்சி அதன் எடையாலேயே கல்லில் அழுந்தி நிற்கிறது, லேசான குச்சி துள்ளுகிறது. அந்தத் துள்ளல்தான் கரகரப்பாகக் காதில் விழுகிறது.

இன்னொன்று, அதிர்வை மரம் எவ்வளவு விழுங்குகிறது என்பது. மரிம்பா என்ற தாள வாத்தியத்தின் கட்டைகளை ஹோண்டுராஸ் ரோஸ்வுட்டில் செய்வது தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும் என்பதற்காக. அந்த வகை மரத்தில் கடைந்த குச்சி தெளிவாகக் கணீரென்று பாடும். சீடார் மாதிரி மென்மரம் உச்ச ஒலிகளை விழுங்கிவிட்டு அடங்கிய குரலைத் தரும்.

அப்படியானால் இருப்பதிலேயே கனமான மரத்தை வாங்கிவிடலாமா? கூடாது. பெட்டையின் அழைப்பு ஒரே சுரம் இல்லை. மேலே தெளிவாகத் தொடங்கி, சட்டென்று உடைந்து, கீழே கரகரப்பில் முடியும். ஒரே இழுப்பில் இரண்டும் வர வேண்டும். மிகக் கனமான குச்சி முதல் பாதியை அழகாகப் பாடிவிட்டு உடைய மறுக்கும். மிக லேசான குச்சியில் தொடக்கத்திலேயே கரகரப்பு. சில கிண்ணங்களில் சிலேட்டுக்குப் பதில் கண்ணாடி இருக்கும்; சிலேட்டு இயல்பிலேயே அதைவிட மென்மையாகப் பேசும் கல். அதனால் சிலேட்டுக்கு ஹிக்கரி, மேப்பிள், வால்நட் மாதிரி நடுத்தரத்தில் இருந்து தொடங்குவதே என் யோசனை. குரல் மந்தமாக வந்தால் பர்பிள்ஹார்ட் பக்கம் போகலாம், கீச்சென்று வந்தால் செர்ரி பக்கம் இறங்கலாம்.

மரத்தை மாற்றுவதற்கு முன் நுனியைப் பார்த்துவிடுங்கள். அகன்ற நுனி தாழ்ந்த, கரகரப்பான குரலுக்கு. சிறிய நுனி உயர்ந்த குரலுக்கு. கொஞ்ச நேரம் இழுத்தாலே கல்தூள் நுனியில் அப்பி, தேய்ந்து தேய்ந்து மெருகேறிவிடும். பளபளத்த நுனி பற்றாது, வெறுமனே வழுக்கும். உப்புத்தாளில் லேசாக இரண்டு தேய்ப்பு போதும். கல்லுக்குப் பாத்திரம் துலக்கும் பச்சை நார். அதை ஒரே திசையில் தேய்த்து, கீறல்களுக்குக் குறுக்காகக் குச்சியை இழுக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு கல்லில் பட்டால் அந்த இடம் ஊமையாகிவிடும். குச்சியை நுனிக்கு நெருக்கமாகப் பிடித்தால் சுருதி ஏறும், தள்ளிப் பிடித்தால் இறங்கும். கல்லின் ஓரத்தில் இழுத்தால் ஏறும், நடுவில் இறங்கும். இவ்வளவும் பார்த்த பிறகும் குரல் சரியில்லை என்றால்தான் மரத்தைக் குறை சொல்லலாம்.

மழையும் பனியும் மரக்குச்சிக்கு எதிரி. ஈரம் ஏறினால் நார் இளகும், கல்மேல் படியும் நீர்ப்படலம் பற்றலைக் கெடுக்கும். ரெசின் ஊட்டி அழுத்திய பல அடுக்கு பிர்ச் குச்சி நீரை அவ்வளவாகக் குடிக்காது. கார்பன், அக்ரிலிக் குச்சிகள் குடிக்கவே குடிக்காது. ஆனால் கல் நனைந்திருந்தால் அவற்றாலும் பெரிய பயன் இல்லை. அதனால்தான் பலர் கிண்ணத்தையும் குச்சியையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, பைக்குள்ளேயே கையை விட்டு வாசிக்கிறார்கள்.

குச்சி வாங்கும்போது உங்கள் கிண்ணத்தையே கடைக்கு எடுத்துப் போங்கள். இழுக்கும் வேலையை நண்பரிடம் விட்டுவிட்டு, ஐம்பது அறுபது அடி தள்ளி நின்று கேளுங்கள். காதருகே கரகரவென்று கேட்பது அந்தத் தூரத்தில் வேறு மாதிரி கேட்கும், வான்கோழியும் தூரத்தில் இருந்துதான் கேட்கிறது.