கோப்பின் நடுவே முளைத்த பூஜ்ஜியங்கள்

சர்வரில் உள்ள ஒரே பதிவுக் கோப்பில் இரண்டு கணினிகள் மாறி மாறி எழுதுகின்றன. எப்போதாவது ஒருமுறை கோப்பின் நடுவில் சில நூறு பைட்டுகள் பூஜ்ஜியங்களாகிவிடுகின்றன. வட்டிலும் பழுதில்லை, வலையமைப்பிலும் குறையில்லை என்றால் தரவை அழித்தது யார் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

வட்டும் வலையமைப்பும் குற்றமற்றவையாகவே இருக்கலாம். வலையமைப்பில் தரவை அனுப்பும் டிசிபி நெறிமுறையும், வட்டில் அதை வைத்துக் காக்கும் இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளும் தம்மிடம் தரப்பட்ட பைட்டுகள் மாறாமல் இருக்கின்றனவா என்றுதான் சரிபார்க்கின்றன. தரப்பட்டதே பூஜ்ஜியம் என்றால், அந்தப் பூஜ்ஜியத்தை அவை பழுதில்லாமல் காப்பாற்றும். ஆகவே நாம் தேட வேண்டிய இடம் கிளையன்ட், அதாவது எழுதும் கணினியின் கர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப்பகுதிக்குள்) இருக்கும் என்எஃப்எஸ் பகுதி. சர்வரில் உள்ள கோப்புகளை வலையமைப்பு வழியாகப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ள உதவும் முறைதான் என்எஃப்எஸ்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய என்எஃப்எஸ் முறையில், ஒவ்வொரு முறையும் சர்வரிடம் போனால் வேகம் கெடும் என்பதால், கிளையன்ட் கோப்பின் உள்ளடக்கத்தைப் பக்கங்களாக (பெரும்பாலான கணினிகளில் பக்கத்துக்கு 4096 பைட்) தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஒருவர் எழுதி மூடிய பின் இன்னொருவர் திறந்தால், முன்னவர் எழுதியது பின்னவருக்குத் தெரிய வேண்டும் என்பது இதற்கான உறுதிமொழி. ஒரு நேரத்தில் ஒருவரே எழுதட்டும் என்று தடுக்கும் பூட்டு இல்லாமல் இருவரும் ஒரே நேரத்தில் எழுதினால் விளையும் குழப்பத்துக்கு என்எஃப்எஸ் பொறுப்பேற்பதில்லை. முறையாக மூடித் திறந்த பின்னும் தரவு அழிந்தால், அது பிழையேதான்.

இத்தகைய பிழைகளில் ஒரு வகையை எண்களோடு பார்ப்போம். கோப்பின் நீளம் 6000 பைட்; முதல் கணினி அதைப் படித்து வைத்திருக்கிறது. 4096-இல் தொடங்கும் இரண்டாம் பக்கத்தில் உண்மையான தரவு 1904 பைட் மட்டுமே என்பதால், மீதி இடத்தைக் கர்னல் பூஜ்ஜியங்களால் நிரப்பி, பக்கம் முழுமையானது என்று குறித்துக்கொள்கிறது. அந்தக் கணத்தில் அந்தக் குறி முற்றிலும் சரியானது. பிறகு இரண்டாம் கணினி 500 பைட்டுகளைச் சேர்த்துக் கோப்பை மூடுகிறது. முதல் கணினி மீண்டும் திறக்கும்போது சர்வரிடம் கேட்டு, நீளம் 6500 ஆகிவிட்டதை அறிந்து, தன்னிடமுள்ள பக்கங்கள் ஐயத்துக்குரியவை என்று இன்னொரு குறியையும் இடுகிறது. ஆனால் அவற்றை உடனே நீக்காமல், அடுத்து யாராவது படிக்க வரும்போது நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கிறது. படிக்க யாரும் வரவில்லை. 6500-ஆம் இடத்தில் 100 பைட் எழுதத்தான் முதல் கணினியில் ஓடும் நிரல் வருகிறது.

என்னை வியக்க வைக்கும் நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் புதிதாக எழுதப்பட்ட பகுதி எது என்பதற்கு லினக்ஸ் கிளையன்ட் தொடர்ச்சியான ஒரே ஓர் எல்லையைத்தான் குறித்து வைக்கிறது. ஒரே பக்கத்தில் தள்ளித் தள்ளி இரண்டு இடங்களில் எழுதினால், முதலாவதைச் சர்வருக்கு அனுப்பி முடித்த பிறகே இரண்டாவதை ஏற்க முடியும். அந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதற்காக, பக்கம் முழுமையானது என்ற குறி இருந்தால், எழுத வேண்டிய எல்லையைப் பக்கத்தின் தொடக்கம் வரை விரித்துக்கொள்கிறது. தன்னிடம் இருப்பதும் சர்வரில் இருப்பதும் ஒன்றே என்றால் அதைத் திரும்ப எழுதுவதில் தீங்கில்லை என்ற அழகான தர்க்கம் இது. முழுமை என்ற முதல் குறியைப் பார்த்த நிரல்வரி, ஐயம் என்ற இரண்டாம் குறியைப் பார்க்கத் தவறினால், நிரல் எழுதிய 100 பைட்டுக்குப் பதிலாக 4096-இலிருந்து 2504 பைட்டுகள் சர்வருக்குப் போகின்றன. அவற்றில் 6000 முதல் 6499 வரை இருப்பவை, பக்கத்தை நிரப்புவதற்காக முன்பு வைத்த பூஜ்ஜியங்கள். இரண்டாம் கணினி எழுதிய 500 பைட்டுகள் அவற்றின் அடியில் மறைந்துபோகின்றன.

அழிவின் வடிவமே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது: பூஜ்ஜியங்கள் தொடங்குவது கோப்பின் பழைய நீளத்தில், முடிவது முதல் கணினி எழுதத் தொடங்கிய இடத்தில். இதை உறுதி செய்ய இரண்டு சாட்சிகள் போதும். நிரல் 100 பைட்தான் எழுதச் சொன்னது என்பதை, நிரல் கர்னலிடம் வைக்கும் கோரிக்கைகளைப் பதிவு செய்யும் எஸ்ட்ரேஸ் கருவி காட்டும். கம்பியில் 2504 பைட் போனதை, வலையமைப்பில் போகும் தரவைப் படம்பிடிக்கும் வயர்ஷார்க் கருவி காட்டும். இரண்டுக்கும் இடையில் இருப்பது கிளையன்ட் மட்டுமே.

திருத்தம் சிறியது. எல்லையை விரிக்கும் முன், ஐயக்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், எழுதப்பட்ட பைட்டுகளை மட்டும் அனுப்ப வேண்டும். கோப்பு முறைமையை அவிழ்த்து மறுபடி இணைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படிச் செய்வதால் பழைய பக்கங்கள் நினைவகத்திலிருந்து போகின்றன, பிழையின் அறிகுறியும் மறைகிறது. பிழை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. காரணம் அறியாமல் செய்யும் பரிகாரத்தைத் திருத்தம் என்று ஏற்க என்னால் முடியாது. ஒரே கணினியில் ஓடும் சோதனைகளுக்கு இந்தப் பிழை எளிதில் அகப்படாது. இரண்டு கிளையன்டுகளை இந்த வரிசையில் இயக்கும் சோதனையை யாராவது பொறுமையாக எழுதியாக வேண்டும். புதிய மென்பொருளுக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு பங்காவது, நாற்பது ஆண்டுப் பழைய நெறிமுறைகளுக்கு இத்தகைய சோதனை எழுதுபவர்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திருத்திய கர்னலில் அதே சோதனையை ஓட்டினால், வயர்ஷார்க்கில் தெரியும் எழுதும் கோரிக்கை 6500-ஆம் இடத்தில் தொடங்கி 100 பைட்டில் முடிகிறது. ஏற்கெனவே அழிந்த 500 பைட்டுகளைக் காப்பு நகலிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். சர்வரில் அவை இல்லை.