ஷியேஜியாவ்: ‘தீய வழிபாட்டுக் குழு’ அன்று, ‘பிறழ்நெறி’

சீனாவில் தடைசெய்யப்பட்ட ஃபாலுன் கோங் என்ற பயிற்சி இயக்கத்தவர் சிறைப்பட்ட செய்தி தமிழில் வரும்போதெல்லாம், ‘தீய வழிபாட்டுக் குழு’ என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘ஷியேஜியாவ்’ என்ற சீனச் சொல்லுக்குப் பெய்ஜிங் தந்த ‘ஈவில் கல்ட்’ (evil cult) என்ற ஆங்கில வடிவத்தை அப்படியே தமிழாக்கியதால் நேர்ந்த பிழை இது.

இயக்கத்தின் பெயரில் பெரிய சிக்கல் இல்லை. ‘ஃபா’ அறம், ‘லுன்’ சக்கரம், ‘கோங்’ பயிற்சியும் அதனால் கைவரும் ஆற்றலும். பௌத்தத்தின் தருமச் சக்கரமே சீனத்தில் ‘ஃபாலுன்’ ஆயிற்று. திருக்குறளின் ‘அறவாழி’யைத் தருமச் சக்கரமாகக் கொள்வாரும் உளர் என்று பரிமேலழகரே குறித்திருப்பதால், ‘அறவாழிப் பயிற்சி’ என்று விளக்கம் தந்துவிட்டு இயற்பெயரை அப்படியே ஆளலாம்.

‘ஷியேஜியாவ்’ அப்படியன்று. ‘ஜியாவ்’ என்பது போதனை, நெறி. ‘ஷியே’ என்பது நேர்மைக்கு மாறான கோணல். எனவே செந்நெறியிலிருந்து கோணியது என்பதே சொல்லின் உட்பொருள். எது செந்நெறி என்று வகுக்கும் உரிமையை அரசு தன்னிடமே வைத்திருந்தது. முன்பு சீனாவை ஆண்ட சிங் பேரரசு வெண்தாமரை என்ற சமய இயக்கத்தாரை ஒடுக்கியபோதும் இவ்வகைச் சொற்களே அதன் கையில் இருந்தன.

‘தீய’ என்ற அடை இந்த அளவுகோலை மறைத்துவிட்டு, குற்றச்சாட்டைக் குணமாக்கிவிடுகிறது. ‘வழிபாட்டுக் குழு’ என்பதோ பொருந்தவே இல்லை. 1992 இல் சாங்சுன் நகரில் லி ஹொங்ஜி தொடங்கிய இவ்வியக்கம், உடற்பயிற்சியும் ‘உண்மை, கருணை, பொறை’ என்ற ஒழுக்கமும் சேர்ந்தது. விடியற்காலைப் பூங்காவில், கண்மூடி நின்று, காணாச் சக்கரம் ஒன்றைத் தழுவியிருப்பதுபோல் இரு கைகளையும் வளைத்து, முகத்துக்கு முன்னும் அடிவயிற்றருகிலும் தலைக்கு மேலும் நெடுநேரம் அசையாமல் வைத்திருக்கும் பயிற்சியை வழிபாடு என்பது எங்ஙனம் தகும்?

‘கொடுநெறி’ எனலாமா? கொடுமரம் வில்லையும், கொடுங்கோல் வளைந்த கோலையும் குறிப்பதால், வேர்ப்பொருளில் இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் கிடைப்பது அரிது. ஆனால் இன்றைய காதில் ‘கொடு’ கொடுமையாகவே ஒலிக்கும். பழைய பிழையே வேறு வாசலால் திரும்பும். ‘புறச்சமயம்’ என்பதும் உதவாது. சைவர்க்குப் புறச்சமயம் வாதிடத் தக்க மாற்றுக் கொள்கை. சீன அரசுக்கோ ஷியேஜியாவ் தண்டிக்கத் தக்க குற்றம். ஆகவே ‘பிறழ்நெறி’ என்பதையே பரிந்துரைக்கிறேன். பிறழ்ந்தது என்றவுடன் எதிலிருந்து, யார் கணிப்பில் என்ற கேள்வி தானே எழும்.

அந்தக் கேள்வி இங்கே இன்றியமையாதது. 1999 ஏப்ரல் 25 அன்று இயக்கத்தார் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் பெய்ஜிங்கில் ஆட்சித் தலைமையகமான ஜோங்நன்ஹாய் அருகே அமைதியாகத் திரண்டனர்; ஜூலை 22 அன்று தடை வந்தது. அந்தத் தடையோ பதிவுபெறாத சட்டவிரோத அமைப்பு என்ற காரணத்தையே முன்வைத்தது. ‘ஷியேஜியாவ்’ என்ற முத்திரையை அரசு உரக்கப் பரப்பியதும், சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேராயத்தின் நிலைக்குழு அத்தகைய அமைப்புகளை ஒடுக்கத் தீர்மானம் இயற்றியதும் அக்டோபர் இறுதியில்தான். தடைக்குப் பின் வந்த முத்திரையை இயக்கத்தின் இயல்பென்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், தம்மை அறியாமலே அரசுத் தரப்பு வழக்கறிஞராகிவிடுகிறார். ஆங்கிலம் தந்ததைச் சோதிக்காமல் வாங்கும் பழக்கம் செய்தித்தமிழில் ஊறிவிட்டதை நினைக்க வருத்தமாக இருக்கிறது.

சீனக் குற்றவியல் சட்டத்தின் 300 ஆம் பிரிவைக் குறிக்கும்போது ‘பிறழ்நெறி அமைப்பைப் பயன்படுத்திச் சட்டச் செயலாக்கத்தைக் குலைத்தல்’ என்று எழுதலாம். மற்ற இடங்களில் ‘பிறழ்நெறி என்று சீன அரசு முத்திரையிட்ட’ என்று அரசின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். அதே முத்திரை பெற்ற, கிறித்தவ மரபிலிருந்து கிளைத்த சீனச் சமயக் குழுவான ‘எல்லாம் வல்ல கடவுளின் திருச்சபை’க்கும் இதே தொடர்தான்.